சிறைக்குள் பிறந்த புதினம்

ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் உள்ள சரத்தோவ் நகரில், 1828ஆம் ஆண்டு சமயகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர் நிக்கொலாய் செர்னிஷெவ்ஸ்கி. பீட்டர்ஸ்பர்க்கில் உயர்கல்வி பெற்ற அவர், 'சவ்ரெமென்னிக்' என்னும் இதழின் முதன்மை எழுத்தாளர்களுள் ஒருவரானார். நிலவுடைமையாளர்களின் பிடியிலிருந்த உழவர்களுக்கு 1861இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. ஆனால், அவர்கள் காலங்காலமாக உழுத நிலத்திற்கே விலை செலுத்த வேண்டியிருந்தது. இவ்வநீதியை எதிர்த்த அவரது எழுத்தைக் கண்டு அரசு அஞ்சியது.

1862 ஜூலையில் அவர் கைது செய்யப்பட்டு, பீட்டர்-பால் கோட்டையின் தனிமைச்சிறையில் அடைக்கப்பட்டார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கே கழிந்தன. விசாரணை நீண்டுகொண்டே போனபோது உண்ணாநோன்பிருந்து எதிர்ப்பைக் காட்டினார். தாளும் மையும் மறுக்கப்படாததால் எழுத்தே அவருக்குத் துணையாயிற்று. வரலாற்று நூல்களை மொழிபெயர்த்தார், தன்வரலாறு எழுதினார். 1862 டிசம்பரில் தொடங்கி, நான்கே மாதங்களில் 'என்ன செய்ய வேண்டும்?' என்னும் புதினத்தை நிறைவுசெய்தார்.

தையற்கூடம் ஒன்றைத் தொடங்கி, அதன் வருவாயை உழைக்கும் பெண்களோடு பகிர்ந்துகொள்ளும் வேரா என்பவளே அதன் தலைவி. காதற்கதை போலத் தோன்றியதால், விசாரணைக் குழு அதனைத் தடுக்கவில்லை. குழுவே இசைந்தபின் ஆராய்வதற்கு ஏதுமில்லை எனத் தணிக்கையாளரும் விட்டுவிட்டார். இதழாசிரியர் நெக்ராசவ் கையெழுத்துப்படியை வழியில் தவறவிட்டார். 50 ரூபிள் பரிசு தருவதாகக் காவல்துறையின் செய்தித்தாளிலேயே விளம்பரம் செய்து, அதனை மீட்டார். சிறையிட்ட அரசின் கைகளைக் கடந்தே அந்நூல் 1863இல் மக்களை அடைந்தது.

தவற்றை உணர்ந்த அரசு நூலைத் தடைசெய்தது. இளைஞர்களோ அதனைக் கையால் படியெடுத்துப் பரப்பினர். கூட்டுறவுத் தொழிற்கூடங்களையும் தொடங்கினர்.

போலிக் கடிதம் ஒன்றையும் சான்றாகக் கொண்டு, நீதிமன்றம் அவருக்குக் கடுங்காவல் தண்டனை விதித்தது. 1864 மே மாதத்தில் பொதுவெளியில் அவரைத் தூணோடு பிணைத்து, தலைக்குமேல் வாளை முறித்து அவமதித்தனர். அவ்வேளையிலும் கூட்டத்திலிருந்து ஒருவர் அவரை நோக்கி மலர்களை வீசினார். சைபீரியாவில் ஏறத்தாழ இருபதாண்டுகள் துன்புற்ற செர்னிஷெவ்ஸ்கி, 1889இல் சரத்தோவில் மறைந்தார்.

1902இல் லெனின் தம் நூலுக்கு இப்புதினத்தின் பெயரையே சூட்டினார். 1905 வரை ரஷ்யாவில் மறுபதிப்புக் காண இயலாத அந்நூல், அதற்குள் இரு தலைமுறையினரின் சிந்தனையில் இடம்பெற்றுவிட்டது. எழுதியவரைச் சிறைப்படுத்த முடிந்த அரசால், அவர் எழுப்பிய வினாவைச் சிறைப்படுத்த இயலவில்லை.