நெஞ்சைத் திறக்காமல் நுரையீரலைக் கண்டவர்

நுரையீரலில் சிறு கட்டியொன்று தென்படுவதாக வைத்தியர் கூறியதும் நோயாளியின் மனத்தில் எழுவது புற்றுநோய் பற்றிய பயமே. அடுத்து, நெஞ்சைப் பிளக்க நேருமோ என்ற அச்சம். உண்மையில், 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத இத்தகைய கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் ஐயம் எழுமிடத்து அதனைத் தீர்த்தேயாக வேண்டும். வாய் அல்லது மூக்கு வழியே குழாயொன்றைச் செலுத்தி, இழையத்துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது அதற்கான வழிகளுள் ஒன்று. இவ்வழியைப் பாதுகாப்பானதாக்கிய முன்னோடி அமெரிக்க மருத்துவர் செவலியர் ஜக்சன் ஆவார்.

1865 நவம்பர் 4ஆம் திகதி பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த ஜக்சன், வறுமைக்கிடையே கண்ணாடிப் பொருட்களில் ஓவியந் தீட்டிப் பொருளீட்டிக் கல்வி கற்றார். 1886இல் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1890இல் உணவுக்குழாயினுள் நோக்கும் கருவியொன்றை உருவாக்கினார். பயிற்சியற்றோர் கையில் அக்கருவி உயிராபத்தை விளைவிக்கக் கண்டதும், புகழை எண்ணாது அதனைப் பரப்புவதை நிறுத்திவைத்தார்.

1897இல் ஜேர்மனிய மருத்துவர் குஸ்தாவ் கில்லியன், விவசாயி ஒருவரின் சுவாசக்குழாயிற் சிக்கிய எலும்புத்துண்டைச் சத்திரசிகிச்சையின்றி அகற்றி வழிகாட்டினார். ஜக்சன் குழாயின் நுனியிலேயே சிறு மின்விளக்கைப் பொருத்தினார். இருளில் தடுமாறாது, கண்ணாற் கண்டு செயற்பட அது உதவியது. பிள்ளைகள் விழுங்கிய ஊசிகளும் நாணயங்களும் இவ்வாறு வெளியே வந்தன. அவ்வாறு எடுக்கப்பட்ட 2,374 பொருட்கள் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

காசநோய் அவரையும் ஒருமுறைக்கு மேல் படுக்கையில் வீழ்த்தியது. ஓய்ந்திருந்த அக்காலத்தையும் அவர் நூல் எழுதப் பயன்படுத்தினார். வீடுகளிலிருந்த எரிகாரத்தை அறியாது பருகிய குழந்தைகளின் துயர் கண்டு, நச்சுப் பொருட்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு வேண்டுமெனப் போராடினார். அதன் பயனாக 1927இல் அமெரிக்காவிற் சட்டம் இயற்றப்பட்டது. 1958 ஓகஸ்ட் 16ஆம் திகதி, தமது 92ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் கையாண்டது வளையாத உலோகக் குழாய். 1960களில் ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இக்கெடா வளையும் குழாயை உருவாக்கினார். இன்று சி.ரி. ஸ்கான் படத்தை வழிகாட்டியாகக் கொண்டு, நுரையீரலின் ஓரத்திலுள்ள கட்டியையும் மெல்லிய குழாயால் அணுக முடிகிறது. தீயதெனக் கண்ட கட்டியை, தக்க நோயாளிகளில், விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகளிட்டு அகற்றவும் முடிகிறது.

கருவிகள் மாறிவிட்டன, ஜக்சன் கற்பித்த ஒழுங்கு மாறவில்லை. சிறு துளையாயினும் அதன் வழியே செல்வது ஓர் உயிரிடம். கருவியை வாங்குவது எளிது. அதைக் கையாளும் கரங்களைப் பயிற்றுவதே கடினம். நவீன கருவிகளைத் தேடும் வைத்தியசாலைகள் அதற்கும் சமமான அக்கறை காட்டுவதே அவருக்குச் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.