கோவில்பட்டி மில் குடும்பம் டு ரேஸ் டிராக்... யார் இந்த கரிவரதன்?

கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாய் ஞாபகம் வரும். அடுத்தது லட்சுமி மில். கரிசல் காட்டுப் பருத்தியை நூலாக்கிய அந்த மில்லை நடத்திய கோவை குடும்பத்தில் பிறந்தவர்தான் எஸ்.கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக, 'கரி'.

தொழிலதிபர் வீட்டுப் பிள்ளை. ஆனால் மனசெல்லாம் இன்ஜின் மேலே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அதுதான் அன்றைக்கு ரேஸ் மைதானம். அங்கே கார் ஓட்டியதோடு நிற்கவில்லை, ரேஸ் கார்களை வடிவமைக்கவும் ஆரம்பித்தார்.

இன்ஜினுக்கு பவர் ஏற்ற ஒரு வழி, சூப்பர்சார்ஜர். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி இது. கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டு சுற்ற வைப்பார்கள். பழைய பஞ்சாலையில் ஒரே ஷாஃப்டில் பெல்ட் மாட்டி பல மெஷின்களை ஓட்டினார்களே, அதே கணக்குதான். கிராங்க் புல்லி 6 அங்குலம், சூப்பர்சார்ஜர் புல்லி 3 அங்குலம் என்றால், இன்ஜின் 6,000 முறை சுற்றும்போது சூப்பர்சார்ஜர் 12,000 முறை சுற்றும். அந்தச் சின்ன புல்லியை 2.5 அங்குலமாக்கினால் 14,400! காற்று கூடும், பவரும் கூடும். சூடும் சேர்ந்தே ஏறும். அதற்கேற்ற பெட்ரோல் போகாவிட்டால் இன்ஜின் 'நாக்' அடிக்கும், பிஸ்டனே ஓட்டையாகும். பெல்ட்டும் வழுக்கும். சும்மா புல்லி மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இப்படி பவர் ஏற்றும் விளையாட்டில் ஒரு சிக்கல்: பணம். சோழவரத்தில் வசதியானவர்கள் வெளிநாட்டு ரேஸ் கார்களையே இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. திறமை மட்டும் உள்ள பையன் என்ன செய்வான்?

கரி எடுத்த ரூட் வேறு. தெருவில் ஓடும் மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினையே எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. 1980-களின் கடைசியில் வந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இன்ஜின். எனவே ஜெயிப்பது பர்ஸ் இல்லை, டிரைவர். (ஒரு முழு ரேஸ் சீசனே செலவு பிடிக்கும் விஷயம்தான், ஆனாலும் கதவு கொஞ்சம் திறந்தது.)

அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் கோவை பையன் நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் அவர் தன் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அதைப் பார்க்க கரி இல்லை. 1995-இல் நடந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயதுதான்.

கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட 2.1 கி.மீ. ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே. தேசிய ரேஸ் போட்டிகளுக்கு இப்போதும் கார்கள் வந்து இறங்கும் இடம் அது.