பிள்ளைகளுக்காக அச்சுத் தொழில் கற்ற உபேந்திரகிஷோர்

சித்தூர், திருப்பதிப் பக்கம் குடியேறிய நம்மவர் வீடுகளில் ஒரு காலத்தில் ‘அம்புலிமாமா’ வாங்குவார்கள். அடுத்த வீட்டில் ‘சந்தமாமா’ வாங்குவார்கள். எழுத்துதான் வேறு, படம் இரண்டிலும் ஒன்றே. தெலுங்குப் பள்ளியில் படித்து, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்ளும். சென்னையில் 1947-இல் அந்தப் பத்திரிகை தொடங்குவதற்கு 34 ஆண்டுகள் முன்பே, கல்கத்தாவில் ஒருவர் பிள்ளைகளுக்கென்று தாமே எழுதி, தாமே படம் வரைந்து, தம் அச்சகத்திலேயே அச்சிட்டு ஒரு மாத இதழ் நடத்தினார். அவர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. சினிமா டைரக்டர் சத்யஜித் ராயின் தாத்தா என்றால் பலருக்கும் விளங்கும்.

அந்நாளைய மைமன்சிங் ஜில்லாவில், இன்று வங்காள தேசத்தில் உள்ள மசூவா கிராமத்தில் 1863 மே மாதம் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயதில் உறவினரான ஒரு ஜமீன்தார் சுவீகாரம் எடுத்துப் பெயரை மாற்றினார். கல்கத்தாவில் பி.ஏ. தேறி, பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். வயலினும் நன்றாக வாசிப்பார். ஜமீன் வருமானத்தில் காலாட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்; அவரோ பிள்ளைகளுக்குக் கதை எழுத உட்கார்ந்தார்.

எளிய வங்காளியில் பிள்ளைகளுக்கு இராமாயணம் எழுதி, படங்களும் வரைந்தார். அக்காலத்தில் படத்தை இன்னொருவர் மரக்கட்டையில் செதுக்கி, அதை வைத்துத்தான் அச்சிட வேண்டும். புத்தகம் கைக்கு வந்தபோது, வரைந்த படத்தின் நயம் போய்விட்டிருந்தது. வேறொருவராயிருந்தால் செதுக்கியவரை நாலு வார்த்தை சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைகள் பார்ப்பதுதானே என்று விட்டிருப்பார். இவர் மனம் ஆறவில்லை. இங்கிலாந்திலிருந்து காமிராவும் கருவிகளும் வரவழைத்து, 1895-இல் தாமே பிளாக் செய்யும் தொழில் தொடங்கினார்.

அது ஹாஃப்டோன் முறை. நுண்ணிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட கண்ணாடி வழியாகப் படத்தைப் போட்டோ எடுத்தால், அது புள்ளிகளாகப் பிரியும். பெரிய புள்ளி கறுப்பு, சிறிய புள்ளி வெளிச்சம். பத்திரிகைப் போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஊரில், கணக்குப் போட்டும் சோதித்தும் அவர் கண்டறிந்த நுட்பங்களை லண்டனில் வெளிவந்த ‘பென்ரோஸ்’ ஆண்டு மலர் கட்டுரைகளாக வெளியிட்டது. வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் ஒரு வங்காளியிடம் பாடம் கேட்ட காலம் அது.

கிழக்கு வங்காளப் பெண்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் தையல்சிட்டுக் கதைகளை 1910-இல் படங்களுடன் புத்தகமாக்கினார். 1913-இல் ‘சந்தேஷ்’ இதழ் பிறந்தது. அந்தச் சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், வங்காளப் பால் இனிப்பு என்றும் பொருள். பாட்டு வராத கூபி, மேளம் தட்டத் தெரியாத பாகா இருவரின் கதை 1915-இல் அதில்தான் வந்தது.

இரண்டரை ஆண்டுகள்கூட அவர் முழுதாக நடத்தியிருப்பார். நீரிழிவு நோய் முற்றி, 1915 டிசம்பர் 20-ஆம் தேதி 52 வயதில் காலமானார். இங்கிலாந்து சென்று அச்சுக்கலை படித்து வந்த மகன் சுகுமார் இதழை ஏற்றார். அவரும் 1923-இல் 35 வயதில் போய்விட்டார். பின்னர் அச்சகமும் கைவிட்டுப் போனது.

தாத்தாவை நேரில் பார்த்திராத பேரன், 1961-இல் ‘சந்தேஷ்’ இதழை மறுபடி தொடங்கி, தாமே அதற்குப் படமும் வரைந்தார். 1969-இல் கூபி, பாகா கதையைச் சினிமாவாக எடுத்தார்.