ராமச்சந்திரன் வரைபடம் தந்த ஜி.என்.ஆர்.

அரசு அலுவலகத்தில் மாதக் கடைசியில் எத்தனை கோப்புகள் பைசலாயின என்று கணக்குக் கொடுப்போம். எந்தக் கோப்பால் யாருக்கு என்ன பலன் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இராது. இப்போது விஞ்ஞானிகளுக்கும் இப்படி ஒரு கணக்கு வந்துவிட்டது. ஒருவர் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார், மற்றவர்கள் அவற்றை எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி மதிப்புப் போடுகிறார்கள். சைட்டேஷன் என்கிறார்கள். இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒருவரைப் பற்றி, பி.எஸ்ஸி. படித்தவன் என்ற முறையில் எழுத ஆசைப்படுகிறேன்.

கோபாலசமுத்திரம் நாராயணன் ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் ஹானர்ஸ் முடித்து, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை சர் சி.வி. ராமன் தம் துறைக்கு இழுத்துக்கொண்டார். 1949இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். 1952இல், முப்பது வயதையொட்டி, சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தலைவரானார்.

நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது தெளிவாகவில்லை. சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால் இதைச் சொல்லப்போக, ஜி.என்.ஆர். அதைப் பிடித்துக்கொண்டார். கோபிநாத் கர்த்தாவும் அவரும் சேர்ந்து, மூன்று இழைகள் முப்புரியாக முறுக்கிக்கொண்டிருக்கும் அமைப்பை 1954, 1955 ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

உடனே ஆட்சேபம் வந்தது. எழுப்பியவர்கள் சாமானியர்கள் அல்ல, கிரிக்கும் ரிச்சும். முப்புரி சரி, ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன என்பது அவர்கள் வாதம். வேறொருவராக இருந்தால் பதிலுக்குப் பதில் எழுதிப் பக்கம் நிரப்பியிருப்பார். ஜி.என்.ஆர். கேள்வியையே அடிப்படைக்குக் கொண்டுபோனார். இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்டத்தில் வரலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் துருவி, அந்தக் குறைந்தபட்சத் தூரங்களைத் தொகுத்தார்.

பிறகு சசிசேகரன், ராமகிருஷ்ணன் இருவரோடும் அடுத்த வேலை. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில்தான் தாராளமாகச் சுழல முடியும். அந்த இரு கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஒன்றைக் கிடையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் கட்டத்தில் போட்டு, அணுக்கள் மோதும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டால், மிஞ்சுவது சில திட்டுகள் மட்டுமே. புரதம் எதுவானாலும் அதன் கண்ணிகள் பெரும்பாலும் அந்தத் திட்டுகளுக்குள்தான் விழ வேண்டும். கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலத்துக்கு மட்டும் சலுகை அதிகம். கணக்கெல்லாம் மேஜைக் கணக்கு இயந்திரத்தில் போட்டது. 1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி'யில் வந்த அந்தக் கட்டுரை ஐந்தே பக்கம்!

அதையும், சசிசேகரனுடன் 1968இல் எழுதிய நூற்றைம்பது பக்கத்துக்கு மேற்பட்ட விரிவான கட்டுரையையும் ஆயிரக்கணக்கானவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் காட்டாமல் விட்டவர்கள் அதைவிட மிக அதிகம் என்பது என் துணிபு. ராமச்சந்திரன் வரைபடம் என்று எழுதினாலே போதும், அடிக்குறிப்பு வேண்டியதில்லை என்றாகிவிட்டது. எக்ஸ்ரே என்று எழுதுகிறவர் ராண்ட்ஜனின் கட்டுரையைக் குறிப்பிடுகிறாரா? உலகப் புரதத் தகவல் வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றின் சோதனை அறிக்கையில், எத்தனை கண்ணிகள் ராமச்சந்திரன் எல்லைக்கு வெளியே விழுந்தன என்று ஒரு வரி இருக்கும். இதை எந்தச் சைட்டேஷன் கணக்கில் சேர்ப்பது? நம் பேரன் பேத்திகளில் பயோடெக்னாலஜி படிப்பவர்களைக் கேட்டால் வரைபடத்தைப் போட்டே காட்டுவார்கள். ஆனால் அந்த ராமச்சந்திரன் யார் என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள்.

1971இல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்ரே படங்களிலிருந்து உள்ளுறுப்பின் வடிவத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்றையும் வெளியிட்டார். இவ்வகைக் கணக்குமுறையே பின்னர் சி.டி. ஸ்கேன் இயந்திரங்களில் பரவலாயிற்று. என் வயதுக்காரர்களில் அதற்குள் படுத்து எழாதவர் குறைவு.

சென்னையை விட்டு மறுபடியும் பெங்களூர் சென்று, அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு வரவில்லை. மனைவி ராஜலட்சுமி 1998இல் காலமானார். பார்க்கின்சன் நோயோடு இருந்தவருக்கு, 1999இல் சர்வதேசப் படிகவியல் சங்கம் எவால்ட் பரிசு அளித்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார்.