உலகமே பார்த்த ஒரு தாயின் படம்... 42 வருஷம் தெரியாத பெயர்! யார் இந்த டோரதியா லாங்?

ஒரு அம்மா. அவர் தோளின் இரண்டு பக்கமும் முகத்தைப் புதைத்துக்கொண்ட இரண்டு குழந்தைகள். மடியில் அழுக்குத் துணியில் சுற்றிய கைக்குழந்தை. கன்னத்தைத் தொட்டபடி ஒரு கை. கண்கள் மட்டும் எங்கேயோ தூரத்தில்.

இந்தக் கருப்பு வெள்ளைப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. 'மைக்ரன்ட் மதர்' என்று பெயர். பிழைப்புக்காக ஊர் ஊராக அலையும் தாய் என்று அர்த்தம். 1936-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எடுக்கப்பட்டது.

எடுத்தவர் டோரதியா லாங். ஸ்டாண்ட் எதுவும் இல்லாமல், கையில் பிடித்த ஒரு பெட்டி கேமராவில் எடுத்தார். படம் உலகப் புகழ் பெற்றது. ஆனா அதில் இருந்த பெண் யார் என்பது 42 வருஷம் வெளியே தெரியவே இல்லை. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டோரதியா?

1895 மே 26-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணம், ஹோபோகன் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மன் வம்சாவளி. 7 வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. உயிர் பிழைத்தார், ஆனா வலது கால் சூம்பிப்போனது. வாழ்நாள் முழுக்க விந்தி விந்திதான் நடந்தார். கூடப் படித்த பிள்ளைகள் அதைச் சொல்லியே கேலி செய்தார்கள்.

12 வயதில் அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பின்னாளில் அப்பாவின் குடும்பப் பெயரான நட்ஸ்ஹார்ன் என்பதை டோரதியா தூக்கிப்போட்டார். அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயரான லாங்-ஐ சேர்த்துக்கொண்டார். 

அம்மாவுக்கு நியூயார்க்கில் நூலக வேலை. ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. பள்ளி முடிந்ததும் அந்தத் தெருக்களில் நடந்தே மனிதர்களை வேடிக்கை பார்ப்பது சிறுமியின் வழக்கம். யார் கண்ணிலும் படாமல் நடமாடக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

பணம் பறிபோனது, பாதை மாறியது

போட்டோகிராபர் ஆகணும் என்று முடிவெடுத்தபோது அவரிடம் ஒரு கேமராகூட இல்லை. நியூயார்க்கில் ஸ்டுடியோக்களில் வேலை பார்த்தே தொழில் கற்றார். 1918-ல் தோழி ஒருவரோடு உலகம் சுற்றக் கிளம்பினார். சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்ததும் பிக்பாக்கெட்காரன் கையில் இருந்த பணத்தை அடித்துவிட்டான். அத்தோடு உலகப் பயணம் முடிந்தது.

போட்டோ கழுவித் தரும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷமே சொந்த ஸ்டுடியோ. ஊரின் பணக்காரக் குடும்பங்கள் வரிசையாக வந்தன. 1920-ல் ஓவியர் மேனார்ட் டிக்சனைத் திருமணம் செய்தார். இரண்டு மகன்கள். வாழ்க்கை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வரிசை

1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. லட்சக்கணக்கானோருக்கு வேலை போனது. ஸ்டுடியோ ஜன்னலில் இருந்து கீழே பார்த்தால் வேலை இல்லாமல் திரியும் ஆட்கள். உள்ளே பட்டுச்சட்டை போட்டு போஸ் கொடுக்கும் வாடிக்கையாளர்.

இரண்டுக்கும் நடுவே அவரால் இருக்க முடியவில்லை. 1933-ல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். இலவசமாக ரொட்டி கொடுக்கும் இடத்தில் ஒரே கூட்டம். எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, ஒரு முதியவர் மட்டும் திரும்பி, தகரக் குவளையோடு கட்டையில் சாய்ந்து நின்றார். தொப்பி கண்ணை மறைத்திருந்தது. அந்தப் படம்தான் டோரதியாவின் பாதையை மாற்றியது.

அந்த கேமராவில் அப்படி என்ன ஸ்பெஷல்?

பெரிய பிலிமில் எடுக்கும் 'லார்ஜ் ஃபார்மட்' கேமரா என்றாலே அப்போது ஸ்டாண்ட் வேண்டும். தலைமேல் கருப்புத் துணி போர்த்திக்கொண்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்யணும். எதிரே இருப்பவர் அதுவரை அசையாமல் காத்திருக்கணும்.

டோரதியா பயன்படுத்திய கிராஃப்லெக்ஸ் வேற மாதிரி. இதுவும் 4-க்கு 5 இன்ச் பிலிம்தான். ஆனா உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். மேலே புகைக்கூண்டு மாதிரி ஒரு தோல் மூடி. பெட்டியை நெஞ்சுக்குக் கீழே பிடித்து, குனிந்து அந்தக் கூண்டுக்குள் பார்த்தால் உருவம் நேராகத் தெரியும். இடம் வலம் மட்டும் மாறியிருக்கும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பும், துணி ஷட்டர் ஓடும், படம் பதிவாகும். 

கனமான பெட்டிதான். இன்றைய கணக்கில் லேசானது என்று சொல்லவே முடியாது. ஆனா ஸ்டாண்டும் போர்வையும் தேவையில்லை என்பதே பெரிய விடுதலை. ஒரு பிலிம் ஷீட், சாதாரண 35 எம்.எம். பிலிமின் ஒரு ஃபிரேமைவிட பரப்பளவில் சுமார் 15 மடங்கு பெரியது. அதனால்தான் சட்டையின் கிழிசல், நெற்றியின் சுருக்கம் எல்லாம் அவ்வளவு துல்லியமாக இருக்கும்.

குறை என்ன? ஒரு ஹோல்டரில் இரண்டே ஷீட். ஒன்று எடுத்ததும் தகட்டைச் செருகி, ஹோல்டரைத் திருப்பிப் போடணும். தட்டிக்கொண்டே போக முடியாது. ஒவ்வொரு கிளிக்கும் யோசித்து எடுக்கணும். இன்னொரு விஷயம், கேமரா முகத்தை மறைக்காது. எடுப்பவர் தலை நிமிர்ந்தால் எதிரே இருப்பவரோடு பேசலாம். டோரதியா அதைத்தான் செய்தார். தன் விந்தல் நடையும் ஜனங்களிடம் ஒரு நெருக்கத்தைக் கொடுத்தது என்று அவர் நம்பினார்.

32 கி.மீ. தாண்டி ஒரு யூ-டர்ன்

1935-ல் டிக்சனைப் பிரிந்து, பொருளாதாரப் பேராசிரியர் பால் டெய்லரைத் திருமணம் செய்தார். அதே வருஷம் மத்திய அரசின் மீள்குடியேற்றத் துறையில் வேலை. வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலத்தை இழந்து கலிஃபோர்னியாவுக்கு வந்த விவசாயக் கூலிகளைப் படமெடுக்கணும். மாதக்கணக்கில் பயணம். அந்த நாட்களில் தன் பிள்ளைகளை மற்றவர் வீடுகளில் விட்டுவிட்டுத்தான் போனார். அந்தப் பிரிவு வீட்டில் ஆறாத காயமாக இருந்தது.

1936-ம் வருஷம், குளிர்காலம் முடியும் நேரம். ஒரு மாதப் பயணம் முடிந்து, மழையில் தனியாக காரில் வீடு திரும்புகிறார். நிபோமோ என்ற ஊர் அருகே பட்டாணி பறிப்போர் முகாம் என்று ஒரு பலகை. பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்துவிட்டார். ஆனா மனசு கேட்கவில்லை. சுமார் 32 கி.மீ. போன பிறகு காரைத் திருப்பினார்.

பனியில் பட்டாணிப் பயிர் கருகி, கூலிகளுக்கு வேலை இல்லாத முகாம் அது. கித்தான் கூடாரம் ஒன்றில் 32 வயதுப் பெண்ணும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கூடாரம் முழுசாகத் தெரிய ஒரு படம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக கிட்டப் போனார். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய படங்கள்தான். அதில் மிக நெருக்கத்தில் எடுத்ததுதான் அந்த உலகப் புகழ் படம்.

படங்களோடு செய்தி 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழில் வந்தது. அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. அதாவது சுமார் 9 டன். 

பெயர் கேட்காமல் வந்த படம்

இங்கேதான் சிக்கல். உணவு வந்தபோது அந்தப் பெண்ணின் குடும்பம் அங்கே இல்லை. வேலை தேடிக் கிளம்பிவிட்டது. வழக்கமாக மக்கள் சொல்வதை எல்லாம் குறிப்பெடுக்கும் டோரதியா, அன்றைக்கு அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. 

1978-ல்தான் ஒரு பத்திரிகையாளர் மூலம் அவர் யார் என்று தெரிந்தது. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோகி பழங்குடிப் பெண். சாப்பாட்டுக்காக கார் டயர்களை விற்றுவிட்டார் என்று டோரதியாவின் குறிப்பில் இருந்தது. அது நடக்கவே இல்லை என்றது குடும்பம். படத்தால் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்பது ஃபுளோரன்ஸின் ஆதங்கம். 

அரசு வேலையாக எடுத்த படம் என்பதால் உரிமைத் தொகை டோரதியாவுக்கும் கிடையாது. ஆனா புகழ் அவருக்குக் கிடைத்தது. 1998-ல் டோரதியாவின் கையெழுத்துக் குறிப்புகள் கொண்ட ஒரு பிரதி 2,44,500 டாலருக்கு ஏலம் போனது.

இன்னொரு சர்ச்சையும் உண்டு. படத்தின் கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. 1939-ல் அதை நெகட்டிவிலேயே மறைக்கச் செய்தார் டோரதியா. உண்மையைப் பதிவு செய்யும் படத்தில் இப்படி கை வைக்கலாமா என்று துறையின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் கடுப்பானார்.

அரசே பூட்டி வைத்த படங்கள்

1942 பிப்ரவரி. ஜப்பானோடு போர் நடந்த நேரம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்கு அனுப்ப வழிசெய்யும் உத்தரவு வந்தது. சுமார் 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள்.

இதைப் பதிவு செய்ய அரசு டோரதியாவையே அமர்த்தியது. முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி ஏந்திய வீரர்கள் படத்தில் வரக்கூடாது என்று கட்டுப்பாடு. அவர் முகங்களை எடுத்தார். கழுத்தில் எண் அட்டை தொங்க பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குழந்தைகள், நான் அமெரிக்கன் என்று கடை முகப்பில் பெரிதாக எழுதி வைத்த வணிகரின் பலகை. படங்களைப் பார்த்ததும் அரசுக்கு வேர்த்தது. போர் முடியும்வரை அவற்றை முடக்கி வைத்தது. அதில் பெரும்பகுதி ஒரு தொகுப்பாகப் புத்தகத்தில் வந்தது 2006-ல்தான்.

கடைசி நாட்கள்

1964-ல் உணவுக்குழாய் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தன் கண்காட்சிக்கான படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார். 1965 அக்டோபர் 11-ல் 70 வயதில் காலமானார். மூன்று மாதம் கழித்துத் திறந்த கண்காட்சியை அவர் பார்க்கவில்லை.

ஃபுளோரன்ஸ் 1983-ல் நோயில் படுத்தபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள். அந்தப் படத்தால் உருகிய ஜனங்களிடம் இருந்து கடிதங்களும் 25,000 டாலருக்கு மேல் பணமும் குவிந்தன. அதன் பிறகுதான் அந்தப் படத்தைப் பற்றி பிள்ளைகளின் எண்ணமே மாறியது. அதே வருஷம் அவர் இறந்தார். கலிஃபோர்னியாவில் இருக்கும் அவர் கல்லறைக் கல்லில் படத்தின் பெயரோடு அவருடைய சொந்தப் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.