மகாத்மா ஜோதிராவ் பூலேயும் ஏழையின் வரிப்பணமும்

நமது சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டபோது, என் நெஞ்சில் முதலில் தோன்றியவர் மராட்டிய நாட்டு மகாத்மா ஜோதிராவ் பூலே ஆவார். அவர் பெண் கல்வியின் தந்தை, சாதிக் கொடுமையை எதிர்த்த வீரர் என்பதை நம் இளைஞர்கள் அறிவர். ஆனால் பள்ளிக்குச் செலவிடும் பொதுப்பணம் யாருடையது, அது யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியை ஆங்கில அரசின் முன் எடுத்து வைத்தவரும் அவரே என்பதைப் பலர் அறியார்.

1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் மாலி வகுப்பில் ஜோதிராவ் பிறந்தார். பேஷ்வாக்களின் அரண்மனைக்கு மலர் வழங்கி வந்த குடும்பமாதலின் பூலே என்ற பெயர் நிலைத்தது. ஓராண்டு நிரம்புமுன் தாயை இழந்தார். தொடக்கப் பள்ளியில் சேர்ந்த சிறுவனைத் தந்தையார் சில ஆண்டுகளில் நிறுத்தித் தோட்ட வேலைக்கு அழைத்துக் கொண்டார். சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்ட அண்டை வீட்டார் இருவர், ஒருவர் முஸ்லிம் ஆசிரியர், மற்றவர் கிறித்தவப் பெரியவர், தந்தையாரிடம் பரிந்து பேசினர். அதன் பயனாக 1841-இல் ஸ்காட்லாந்து மிஷன் உயர்நிலைப் பள்ளியில் மீண்டும் சேர்ந்தார். அந்த இருவரும் வாய் திறவாதிருந்தால் ஜோதிராவ் பூந்தோட்டத்தோடு நின்றிருப்பார். இன்றும் ஒரு குழந்தை பள்ளிக்கு வருவதும் வராததும் இப்படிப்பட்ட தற்செயல்களைப் பொறுத்திருப்பதை என் பணிக்காலத்தில் பன்முறை கண்டிருக்கிறேன்.

1848-ஆம் ஆண்டு அந்தண நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டார். அவ்வாண்டே புணேயில் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். கற்பிக்க ஆசிரியை கிடைக்காமையால் தம் துணைவியார் சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்து ஆசிரியையாக்கினார். அம்மையார் பள்ளிக்குச் செல்லும் வழியில் சேறும் சாணமும் வீசப்பட்டன என்பது வரலாறு. ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சிய தந்தையார் மகனையும் மருமகளையும் வீட்டை விட்டு வெளியேற்றினார். எனினும் பணி நிற்கவில்லை. பின்னர் மகார், மாங்கு வகுப்புக் குழந்தைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. 1852-இல் அரசினர் அவருக்குச் சால்வை அணிவித்துச் சிறப்புச் செய்தனர்.

சால்வை கிடைத்ததே தவிர, பள்ளிகளுக்கு நிலையான வருவாய் கிடைக்கவில்லை. நன்கொடையாளர்களின் கருணையாலேயே அவை நடந்தன. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஐரோப்பியரின் உதவி வற்றியது. நிர்வாகக் குழுவிலும் கருத்து வேற்றுமை எழுந்தது. ஒன்பது பத்து ஆண்டுகள் உழைத்த ஜோதிராவ் விலக நேர்ந்தது. பெண்கள் பள்ளிகள் பின்னர்க் கல்வித் துறையின் பொறுப்புக்குச் சென்றன. மகார், மாங்குக் குழந்தைகளின் பள்ளியோ நலிந்த நிலையில் உயிரை வைத்துக் கொண்டிருந்தது. இரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கிய நம் சங்க உறுப்பினர்களுக்கு இதன் வேதனையை நான் விளக்க வேண்டுவதில்லை.

இதற்கிடையில் அவர் ஒப்பந்தத் தொழில் செய்தார். வேளாண்மையும் செய்தார். 1873-இல் குலாம்கிரி என்னும் நூலை வெளியிட்டு, அவ்வாண்டே சத்திய சோதக சமாஜத்தை நிறுவினார். புணே நகராட்சியின் உறுப்பினராகவும் அமர்ந்தார். வைசிராய் லிட்டன் பிரபுவின் வருகைக்காக நகரை அலங்கரிக்க 1000 ரூபாய் ஒதுக்க முனைந்தபோது, அப்பணத்தை ஏழைகளின் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று எதிர்த்து நின்றவர் அவர் ஒருவரே.

1882-இல் இந்தியக் கல்வி நிலையை ஆராய வில்லியம் ஹண்டர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் முன் ஜோதிராவ் அளித்த அறிக்கை 1882 அக்டோபர் 19-ஆம் நாளிட்டது. அரசின் வருவாயில் பெரும் பகுதி உழவர்களின் உழைப்பிலிருந்து வருகிறது, அப்பணமோ மேல் வகுப்பாரின் உயர்கல்விக்குச் செல்கிறது என்று அதில் அவர் சுட்டிக் காட்டினார். மேலோர் கற்றால் அறிவு கீழே வடிந்து வரும் என்ற அக்காலக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. கல்விக்கென்றே தனி வரி தண்டப்பட்டும், பம்பாய் மாகாணத்தில் பத்தில் ஒன்பது கிராமங்கள், அதாவது ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகள், தொடக்கக் கல்விக்கு வழியின்றி இருப்பதை எடுத்துரைத்தார். குறைந்தது 12 வயது வரை கட்டாயக் கல்வி வேண்டும் என்றார். பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாத ஊதியமும், பெரிய ஊர்களில் 15 அல்லது 20 ரூபாயும் கேட்டார். சாதி வெறுப்பால் மற்றக் குழந்தைகளோடு அமர முடியாத மகார், மாங்குக் குழந்தைகளுக்கு, அவர்கள் மிகுந்துள்ள ஊர்களில் தனிப் பள்ளிகள் வேண்டும் என்றார்.

அரசு பள்ளிகளை நடத்துவதிலிருந்து விலகித் தனியாருக்கு மானியம் மட்டும் வழங்கினால் போதும் என்ற பேச்சு அப்போதே இருந்தது. அதனால் செல்வர்களிடம் தன்னம்பிக்கை வளரலாம். ஆனால் கல்விக்கு நேரும் கேடு சீர்பட நெடுங்காலமாகும் என்பது ஜோதிராவின் முடிவு. தேர்வில் கிடைக்கும் பலனுக்கேற்ப மானியம் தரும் முறையையும் ஏழை மக்களுக்குப் பொருந்தாதென்று தள்ளினார். அதற்கு அவர் சொன்ன காரணம் மிக எளியது. பிழைப்புக்குப் போதிய வருவாய் வராத சேரியில் எந்த ஆசிரியரும் தம் சொந்தப் பொறுப்பில் பள்ளி திறக்க மாட்டார். ஆதலின் அங்கே அரசுப் பள்ளிதான் வேண்டும். தாமே நகராட்சி உறுப்பினராக இருந்தும், நகராட்சி பணம் கொடுக்கட்டும், நிர்வாகத்தை முழுவதும் அதனிடம் விடலாகாது, கல்வித் துறை மேற்பார்க்க வேண்டும் என்றார். உள்ளிருந்து பார்த்தவர் அல்லவா!

இந்த வாதம் அவரோடு முடியவில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1955-இல், அரசு பள்ளி நடத்துவதற்குப் பதிலாகப் பெற்றோர் கையில் வவுச்சர் எனப்படும் கல்விச் சீட்டைக் கொடுத்து, அவர்கள் விரும்பும் பள்ளியில் சேர்க்க விடலாம் என்று எழுதினார். சிலி நாடு 1981 முதல் அதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசே ஈடு செய்யுமாறு விதித்துள்ளது. செல்வருக்கு உள்ள தெரிவு ஏழைக்கும் வேண்டும் என்ற வாதம் வெறும் வாதமன்று. ஜோதிராவே அரசுப் பள்ளியில் அல்ல, மிஷன் பள்ளியில் உயர்ந்தவர்தாம். இருந்தும், நான் முதலில் பணியாற்றிய ஓராசிரியர் பள்ளி என் கண்முன் நிற்கிறது. ஏரிக்கரையோடு பாதை முடியும் ஊர் அது. எந்தத் தனியார் பள்ளியின் வண்டியும் அங்கு வந்ததில்லை. கையில் சீட்டு இருந்திருந்தாலும் அக்குழந்தைகள் அதை எங்கே கொண்டு போய்க் கொடுத்திருப்பார்கள்?

ஹண்டர் குழு தொடக்கக் கல்வியை நகராட்சிகளிடமும் மாவட்ட வாரியங்களிடமும் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. ஜோதிராவின் கட்டாயக் கல்விக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவர் ஓயவில்லை. 1888-இல் விக்டோரியா மகாராணியின் மகனான கன்னாட் பிரபுவுக்கு நடந்த விருந்தில், அணிகலன்கள் மின்னிய கூட்டத்தின் நடுவே ஏழை உழவனின் உடையில் வந்து நின்றார். இங்கே கூடியிருப்பவர்கள் இந்தியாவின் மக்கள் அல்லர், கிராமங்களைச் சென்று பாருங்கள், எளிய மக்களுக்குக் கல்வி வேண்டும் என்று அரசியாரிடம் சொல்லுங்கள் என்ற பொருள்படப் பேசினார். அவ்வாண்டு மே 11-இல் பம்பாய் மக்கள் அவருக்கு மகாத்மா என்ற பட்டமளித்தனர்.

இரண்டே மாதங்களில் பக்கவாதம் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகித் தம் கடைசி நூலை முடித்தார். 1890 நவம்பர் 28-ஆம் நாள் உயிர் நீத்தார். அந்நூல் மறு ஆண்டில் அச்சேறியது. சாவித்திரிபாய் அம்மையார் சமாஜப் பணியைத் தொடர்ந்து நடத்தி, பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்கையில் தாமும் அந்நோய்க்கு ஆளாகி, 1897 மார்ச் 10-ஆம் நாள் மறைந்தார்.