ஜம்சேத்ஜி டாட்டாவும் பட்டு வளர்ப்பும்

ஜம்சேத்ஜி நுசர்வான்ஜி டாட்டா (மார்ச் 3, 1839 - மே 19, 1904) இந்தியத் தொழில்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். டாட்டா குழுமத்தைத் தோற்றுவித்தவர். நாக்பூர் பருத்தி ஆலை, மும்பை தாஜ் மகால் விடுதி, இவர் திட்டமிட்டு இவரது மறைவுக்குப் பின் உருப்பெற்ற எஃகு ஆலை, இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றால் பரவலாக அறியப்படுகிறார். இவர் பெங்களூரில் நிறுவிய பட்டுப் பண்ணை அந்த அளவுக்கு அறியப்படவில்லை. சிறு உழவர்களின் கைத்தொழிலாக நலிந்துகொண்டிருந்த மைசூர்ப் பட்டு வளர்ப்பைப் பயிற்சியின் மூலம் சீர்படுத்த இப்பண்ணை முயன்றது.

இளமையும் பருத்தித் தொழிலும்

டாட்டா குசராத்தின் நவசாரியில் பார்சி குருமார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை நுசர்வான்ஜி அக்குடும்ப வழக்கத்திலிருந்து விலகி மும்பையில் வணிகம் செய்தவர். டாட்டா மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858 இல் படிப்பை முடித்தார். 1868 இல் 21,000 ரூபாய் முதலீட்டில் சொந்த வணிக நிறுவனத்தைத் தொடங்கினார்.

1877 ஆம் ஆண்டு சனவரி 1 அன்று நாக்பூரில் இவரது எம்பிரஸ் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆலைகள் பெரும்பாலும் மும்பையில் அமைந்த காலத்தில், பருத்தி விளையும் பகுதிக்கு அருகிலேயே ஆலையை அமைத்தது இவரது தனித்தன்மை. நல்ல நூலுக்கு நல்ல மூலப்பொருள் வேண்டும் என்பதை இவர் நன்கு உணர்ந்திருந்தார். நீண்ட இழை கொண்ட எகிப்தியப் பருத்தியை இந்தியாவில் பயிரிடும் முயற்சியிலும் 1890களில் ஈடுபட்டார். பட்டு வளர்ப்பில் இவர் காட்டிய ஆர்வமும் இதே காலத்தைச் சேர்ந்தது.

மைசூர்ப் பட்டின் நிலை

மைசூர்ப் பகுதியில் பட்டு வளர்ப்பு 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தானின் ஆட்சியில் ஊக்குவிக்கப்பட்டது. வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்கள் வரவழைக்கப்பட்டன. அவரது வீழ்ச்சிக்குப் பின்னும் தொழில் உழவர் வீடுகளில் நிலைத்தது. அன்று சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டாரத்திலும் இது நடைபெற்றது. கொள்ளேகால் 1956 இல்தான் மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது.

பட்டு வளர்ப்பு சிறு நிலத்துக்கு ஏற்ற தொழில். சிறிதளவு முசுக்கொட்டை (மல்பெரி) நிலமும், புழு வளர்க்க ஓர் அறையும், குடும்பத்தாரின் உழைப்பும் போதும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு ஏறத்தாழ 25 நாட்களில் நான்கு முறை தோலுரித்து, கூடு கட்டத் தொடங்கும். ஆண்டுக்குப் பல முறை கூடு விற்றுப் பணம் பெறலாம்.

இதன் இடரும் இதே அளவு பெரியது. புழு உண்ணும் இலையில் மிகப் பெரும்பகுதி கடைசிப் பருவத்தில் செலவாகிறது. நோய் பெரும்பாலும் அப்பருவத்தில்தான் வெளிப்படையாகத் தெரியும். அதற்குள் இலையும் உழைப்பும் செலவாகிவிடுவதால், நோய் கண்ட குடும்பம் அந்தப் போகம் முழுவதையும் இழந்தது. பெப்ரைன் என்னும் நோய் தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டைக்குள் கடந்து செல்வது. முட்டையைக் கண்ணால் பார்த்து இந்நோயை அறிய இயலாது.

இந்நோய் 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் பட்டு வளர்ப்பைச் சீர்குலைத்தது. லூயி பாஸ்டர் 1865 முதல் அங்கு ஆய்வு செய்து இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனியாக முட்டையிடச் செய்து, பின்னர் அதன் உடலை அரைத்து நுண்ணோக்கியில் சோதிக்க வேண்டும். நோய்க்கிருமி தென்பட்டால் அந்த முட்டைத்தொகுதியை அழித்துவிட வேண்டும். முறை எளிமையானது, ஆனால் நுண்ணோக்கியும் பயிற்சியும் தேவைப்பட்டன. தனி உழவருக்கு இவை இரண்டும் எட்டாதவை.

பெங்களூர்ப் பட்டுப் பண்ணை

டாட்டா 1893 இல் ஜப்பான் சென்றிருந்தார். அக்காலத்தில் கச்சாப் பட்டு ஜப்பானின் முதன்மை ஏற்றுமதிப் பொருளாக விளங்கியது. அங்கும் கூடுகளை விளைவித்தவர்கள் சிறு உழவர்களே. அவர்களுக்குப் பின்னால் முறையான பயிற்சியும் முட்டைச் சோதனையும் நல்ல நூற்பும் இருந்தன.

1890களின் பிற்பகுதியில் டாட்டா, மைசூர் அரசின் ஆதரவுடன் பெங்களூரின் தென்பகுதியில், பசவனகுடிக்கு அருகே பட்டுப் பண்ணையை நிறுவினார். அப்போது மைசூரின் திவானாக இருந்தவர் கே. சேஷாத்திரி ஐயர். பண்ணையை நடத்த ஜப்பானிய வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டனர். முசுக்கொட்டைச் சாகுபடி, புழு வளர்ப்பு, நோய்த் தடுப்பு, கூட்டிலிருந்து நூல் எடுத்தல் ஆகியவை இங்கு கற்பிக்கப்பட்டன.

பண்ணையின் நோக்கம் பெருமளவில் பட்டு உற்பத்தி செய்வது அன்று. இங்கு கற்றவர்கள் தம் ஊரில் அதைச் செய்துகாட்ட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. பருத்தி ஆலையில் ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு செய்யக்கூடியதை, தனித்தனி வீடுகளில் வளரும் பட்டுப்புழுவைக் கொண்டு செய்ய இயலாது. எனவே இத்தொழிலில் முதலீட்டைவிடப் பயிற்சிக்கே முதலிடம் கிடைத்தது.

மறைவும் பண்ணையின் பிற்காலமும்

டாட்டா 1904 மே 19 அன்று செருமனியின் பாத் நௌகைம் நகரில் காலமானார். அவர் வாழ்நாளில் பட்டுப் பண்ணை பெரும் தொழிலாக வளரவில்லை. 1910 இல் அதன் நிர்வாகம் இரட்சண்ய சேனையிடம் ஒப்படைக்கப்பட்டது. பண்ணை இருந்த பகுதி பெங்களூரில் டாட்டா சில்க் ஃபார்ம் என்ற பெயராலேயே அழைக்கப்படுகிறது.

மைசூர் அரசு 1910களில் பட்டு வளர்ப்புக்கெனத் தனித்துறையை ஏற்படுத்தியது. இத்துறையை டாட்டா பண்ணையின் நேரடித் தொடர்ச்சி எனக் கூற முடியாது. ஆயினும் நோயற்ற முட்டை, உழவர் பயிற்சி, நூலின் தரம் என அப்பண்ணை கையாண்ட சிக்கல்களையே இதுவும் கையாண்டது. 1920களில் மைசூர் இனத் தாய்ப்பூச்சியுடன் வெளிநாட்டு இன ஆண்பூச்சியைக் கலந்த கலப்பினம் உழவர்களிடையே பரவத் தொடங்கியது.

கலப்பின முட்டைகளை உழவர் தாமே தொடர்ந்து உருவாக்கிக்கொள்ள இயலாது. தூய இனங்களைத் தனியே பேண வேண்டும். இதனால் விதைக்கூடு வளர்ப்பு தனித் தொழிலாகப் பிரிந்தது. குனிகல், மாகடி, பிடதி வட்டாரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உழவர்கள் மைசூர் இன விதைக்கூடுகளை வளர்க்க, முட்டை வித்தகங்கள் அவற்றை வாங்கி, தாய்ப்பூச்சிகளைச் சோதித்து முட்டை வழங்கின. வளர்ப்பவருக்கு உறுதியான விற்பனையும், வித்தகத்துக்கு நம்பத்தக்க கூடும் கிடைத்தன. விடுதலைக்குப் பின் 1949 இல் மத்திய பட்டு வாரியம் அமைக்கப்பட்டது. வாரியத்தின் வித்தகங்களும் இவ்வாறு தேர்ந்தெடுத்த உழவர்களிடமிருந்து விதைக்கூடுகளைப் பெறுகின்றன.

தமிழ்நாட்டில்

கொள்ளேகால் பிரிந்த பின் தமிழ்நாட்டில் பட்டு வளர்ப்பு பிற பகுதிகளில் நடைபெற்றது. ஓசூர், தாளவாடி, உடுமலைப்பேட்டை வட்டாரங்கள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. உடுமலைப்பேட்டை 2009 இல் உருவான திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. பருத்திப் பின்னலாடைக்குப் பெயர் பெற்ற மாவட்டத்திலேயே வெண்பட்டுக்கூடுகளும் விளைகின்றன. பழைய மைசூர் இனக் கூட்டில் ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் இழை கிடைத்தது. நல்ல வெண்பட்டுக்கூட்டில் அது 1,000 மீட்டரைத் தாண்டுகிறது.

இப்பகுதிகளில் பலர் முட்டையைத் தாமே பொரிக்காமல், இளம்புழு வளர்ப்பு மையங்களிலிருந்து புழுக்களை வாங்கி வளர்க்கின்றனர். நோய்க்கு எளிதில் ஆட்படும் முதற்பருவங்கள் பயிற்சி பெற்றவர்களின் கையில் கழிகின்றன. எனினும் முட்டை தரமற்றதாக இருந்தால் இழப்பு இன்றும் வளர்ப்பவரையே சேர்கிறது. எனவே தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதிக்கும் பணி இத்தொழிலின் அடித்தளமாக நீடிக்கிறது.